கையால் பொறுக்கிய கராம்பு

மகன்,

ஸலாம். முந்தாநாள் பேராதனையில் கல்யாண அழைப்புக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்ற நேரத்தில், நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "வாப்பா, குளிசையக் கொஞ்சம் கூட்டிக் குடிச்சா நான் பழையபடி ஆயிருவேன்தானே?" நான் முன்னால் நின்ற லொறிக்கு ஹோன் அடித்தேன். அந்த லொறிக்கு நகர இடமில்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தாய். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் நான் பேரம் பேசத் தொடங்கிவிடுவேன், அது என் தொழில் பழக்கம். அதனால் எழுதுகிறேன். ஆனால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. தராசுப் பக்கத்தில் நின்றபடி ஒரு வரி எழுதுகிறேன், வாசல் வரை நடக்கிறேன், பஸ் போவதைப் பார்க்கிறேன், திரும்பி வந்து அடுத்த வரி எழுதுகிறேன். எங்காவது தொடர்பு அறுந்திருந்தால் அந்த இடத்தில் நான் வாசலில் நின்றேன் என்று வைத்துக்கொள்.

அடுத்த மாதம் உனக்கு நிக்காஹ். அதன்பிறகு கெலிஓயாவில் பெண் வீட்டுக்குப் பக்கத்திலேயே உனக்குச் சொந்தக் கடை, பெயர்ப்பலகைகூட எழுதியாயிற்று. தனியாகக் கடை நடத்தப் போகிறவனுக்குத் தலை ஒரு நிலையில் நிற்க வேண்டும், டொக்டர் குறைத்த மருந்துக் குளிசையை நாமே கொஞ்சம் கூட்டினால் நிற்கும் என்று நீ நினைக்கிறாய். அதற்கு என் தலையசைப்பு வேண்டும் உனக்கு. அது கிடைக்காது, மகன். இதுதான் பதில். மிச்சம் எழுதுவதெல்லாம் ஏன் என்பதற்கு. இதை நாலு பேர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் கைவேலையைக் காட்டி நான் பெருமை பேசியதும் கடைத்தெருவில் நாலு பேருக்கு முன்னால்தானே.

பழையபடி என்றாயே, எந்தப் பழையபடி? குளிசைக்கு முந்திய உன்னை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடை முற்றத்தில் மிளகு காயப்போட்டுவிட்டு உன்னைக் காவல் வைப்பேன். மழை வரும். மழை வருவதை நீ மிகவும் ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பாய், மிளகு நனைந்துகொண்டிருக்கும். ஒருமுறை கண்டி டவுனில் காட்ட, மாதிரிக்குக் கொஞ்சம் மிளகு கொடுத்தனுப்பினேன். மாதிரிப் பொட்டலத்தைப் பஸ்ஸில் விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய குடையோடு திரும்பி வந்தாய். அந்தக் குடை இன்னமும் நம் வீட்டில்தான் இருக்கிறது. கெம்பஸில் இடம் கிடைத்தும் பரீட்சைக்குப் பிழையான நாளில் போய் நின்றாய். உன் உம்மா அழுதாள். நான் சோம்பல் என்றேன், திமிர் என்றேன், கையில் போன் இருக்கும் வரை உருப்படமாட்டாய் என்றேன். இதையெல்லாம் நான் சொன்னது நீ பக்கத்தில் இருக்கும்போதுதான். அதனால் புதிதாக ஒப்புக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

பிறகு உம்மாவின் தொல்லை தாங்காமல் பேராதனையில் ஒரு டொக்டரை நேரம் எடுத்துச் செனல் பண்ணினோம். அந்தச் சிங்கள அம்மணி நல்ல தமிழில் பேசினார். கவனம் நிற்காத ஒரு நிலை இருக்கிறது, சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டியது, வளர்ந்த பிறகும் மருந்து உண்டு என்றார். குடும்பத்தில் வேறு யாரும் இப்படி இருக்கிறார்களா என்று கேட்டபோது உம்மா என் முழங்காலைப் பார்த்தாள். நீயும் பார்த்தாய். டொக்டரும் எட்டிப் பார்த்தார். மேசைக்குக் கீழே அது தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. நான் கையை வைத்து அழுத்தினேன். மற்றக் கால் ஆடத் தொடங்கியது. அன்று நாம் மூன்று பேரும் சிரித்தபடி வெளியே வந்தோம். அந்தச் சிரிப்பை நான் அடிக்கடி நினைக்கிறேன். என்னுடைய ஆட்டத்துக்குத் தோட்டம் தோட்டமாக, வீடு வீடாக அலைந்து சரக்கு வாங்குகிற தொழில் கிடைத்தது, அதனால் அது சுறுசுறுப்பு என்று பெயர் வாங்கியது. உன்னுடைய ஆட்டத்துக்கு நான் கொடுத்ததோ தராசுக்குப் பின்னால் உட்கார ஒரு கதிரை.

குளிசை தொடங்கிய முதல் மாதங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு பேச்சைத் தொடங்கினால் அதே பேச்சை முடித்தாய். சாவி ஆணியில் தொங்கியது. மாத்தளைப் பக்கத்து ஏலக்காய்க்காரர் ஒருவரோடு நீ நிதானமாக விலை பேசுவதைக் கேட்டுக்கொண்டு, நான் சாக்கு அடுக்குக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தேன். அந்த மருந்தால் உனக்கு நன்மை வந்தது, அதைத் தூற்றினால் நான் நன்றி கெட்டவன். பிறகு டொக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டினார். கூட்டும்போது, வழமைக்கு மாறாக எதைக் கண்டாலும் உடனே வந்து சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். மயக்கம், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இப்படி ஏதாவது வந்தால் என்று நினைத்துத் தலையாட்டினேன். ஒருவன் வேலை செய்வதும் அந்தக் கணக்கில் சேரும் என்று ஒரு வியாபாரிக்கு எப்படித் தோன்றும்?

அது கராம்புப் பருவம். உனக்குத் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காய்ந்த கராம்பின் நுனியில் சின்னதாக ஒரு மொட்டுத் தலை இருக்கும். தலை இருந்தால் நல்ல சரக்கு. தலை உதிர்ந்ததும் காம்பும் கலந்திருந்தால் விலை விழும். எப்படிச் சுளகில் புடைத்தாலும் தலை போனது கொஞ்சம் கிடக்கத்தான் செய்யும், வாங்குகிறவனும் அதைத் தெரிந்துதான் வாங்குகிறான். ஒரு நாள் காலை நீ சும்மா இருக்கும்போது கொஞ்சம் கராம்பை வெள்ளைத் துணியில் கொட்டிப் பொறுக்கத் தொடங்கினாய். மதியம் ளுஹர் தொழுதுவிட்டு நான் பள்ளியிலிருந்து வந்தேன், நீ அதே இடத்தில் இருந்தாய். தலை உள்ளது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம். உள்ளதிலும் நீளமானது வேறு, கட்டையானது வேறு, கறுத்தது வேறு, சிவந்தது வேறு. எல்லாத் தலையும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு சரக்கைப் பார்த்ததில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்குத் தொழில் கை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுவாரமே அதில் ஒரு பொட்டலத்தை, நம் சரக்கை வாங்குகிற கொழும்பு முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளங்கையில் கொட்டினார், மூக்குக்குக் கொண்டுபோனார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நானா, இது யாருட கை?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். என்ட மகன்ட கை என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த உயரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளுக்கு இப்படிச் சரக்குத்தான் தேடுகிறேன், பொறுக்கப் பொறுக்க அனுப்புங்கள் என்றார். நான் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டு வந்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கடைக்குள் உனக்கென்று ஒரு மேசை போட்டேன், நல்ல வெளிச்சமாக ஒரு பல்பு மாட்டினேன், கதிரைக்கு மெத்தை தைக்கக் கொடுத்தேன். உன்னை அங்கே நட்டு வைத்தது மருந்து மட்டும் இல்லை, மகன். மெத்தை தைத்தவன் நான்.

உன் உம்மா முதலில் கண்டாள். நீ சோற்றில் கறிவேப்பிலையையும் கடுகையும் தனித்தனியாகப் பிரித்துக் கோப்பை ஓரத்தில் அடுக்குகிறாய், சோறு ஆறிப்போகிறது, கூப்பிட்டால் கேட்பதில்லை என்றாள். கை விரல் தோலை உரித்துக்கொண்டே இருக்கிறாய் என்றாள். "புள்ளைட மொகத்தப் பாருங்க. வேல செய்றவன்ட மொகமா அது?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "வேல செய்யாட்டியும் நோய், செஞ்சாலும் நோயா?" என்றேன். கோபம் வந்தால் உன் உம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும் சத்தத்தில் தெரியும். அன்று தெரிந்தது.

லொறி வந்த நாளை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை என்று நீ நினைக்கலாம். ஆனால் அந்த நாளில் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. மூட்டைகள் தைத்து முடிந்து வாசலில் இருந்தன. சாரதி ஏற்ற வந்தபோது நீ ஓடிவந்து ஒரு மூட்டையின் தையலைப் பிரித்தாய். "ஒன்டு உள்ளுக்குப் போயிட்டுது, வாப்பா. தலையில்லாதது. நான் கண்டேன்" என்றாய். போனால் போகட்டும் என்றேன். நீ கேட்கவில்லை, அடுத்த மூட்டையையும் பிரித்தாய். உன் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் விரல் நுனிகளைப் பார்த்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் வெடித்து, வெடிப்புக்குள் கராம்புத் தூள் ஏறியிருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டேன். கராம்பு எண்ணெய் மரத்துப்போகச் செய்யும். பல்வலிக்காரனுக்கே அதைத்தான் கொடுக்கிறோம், எனக்கு அது தெரியாதா? உன் விரல் மரத்துப்போய் எத்தனை நாளோ. வெள்ளைத் துணியில் அங்கங்கே இருந்த கறையைச் சரக்கின் சாயம் என்று நினைத்துத்தான் நானும் தோய்க்கக் கொடுத்தேன்.

கொஞ்சம் நிப்பாட்டு மகன் என்றேன். அப்போது நீ சொன்னது: "எனக்கு நிப்பாட்ட ஏலா வாப்பா. இது எனக்குப் புடிக்கவும் இல்ல. கை போகுது, நான் பின்னால போறேன்."

உனக்குத் தெரியாத ஒன்று என்றேனே, அது இதுதான். இதைக் கேட்டதும் நான் உன்னைக் கதிரையில் உட்காரவைத்து, வாசலுக்குப் போய், பிரித்த மூட்டைகளை மறுபடி தைக்கச் சொல்லி, லொறியை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் உன்னிடம் திரும்பி வந்தேன். நான் வந்து பார்க்கும்போது நீ மேசையில் சிந்தியிருந்த கராம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். முகம் முழுக்கக் கண்ணீர். கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. சரக்கு அனுப்பப் போனேன்.

அன்று பின்னேரமே டொக்டரிடம் போனோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கோபப்பட எனக்குத் தெரியும். மருந்து தன் வேலையைச் செய்கிறது என்று நினைத்தோம் என்றேன். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துகிற மருந்து, சிலருக்கு, அளவு பொருந்தாதபோது, அந்த ஓரிடத்திலேயே மாட்டிவிடும் என்று விளங்கப்படுத்தினார். பொறுக்குவது, அடுக்குவது, கழுவுவது, தோலை உரிப்பது, எதுவாகவும் வரலாம், எல்லாருக்கும் வராது, வந்தால் ஒளிக்காமல் சொன்னால் சரிசெய்யலாம் என்றார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். மகனுக்கு இது பிடித்துச் செய்கிறாரா என்று நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா? நான் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன். அளவைக் குறைத்தார். நீங்களாகக் கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது என்று எழுதியும் தந்தார். கிழமைகள் போக உன் விரல் ஆறியது. சோற்றைச் சோறாகச் சாப்பிட்டாய். ஒரு நாள் சாவியைத் தொலைத்தாய். உன் உம்மா சந்தோஷத்தில் அயல் வீடுகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்காத குறை.

நான்தான் சந்தோஷப்படவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். சரக்கு ஏன் நின்றது என்று கொழும்பு முதலாளி போன் எடுத்தார். "மகனுக்குக் கல்யாணம் பேசினதும் கை நடுங்குதோ?" என்று பகிடி பண்ணினார். மகனுக்குச் சுகமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் அலுப்பாக இருக்கிறான் என்று இழுத்தேன். கடைசியில், "பழையபடி ஆகட்டும், தாரேன்" என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நீ வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றாய். கேட்டாயா இல்லையா என்று உன் முகத்தில் தெரியவில்லை. பாலத்தில் நீ அதே சொல்லைத் திருப்பிக் கேட்டபோது தெரிந்துகொண்டேன். பழையபடி என்பது உன் சொல் இல்லை, மகன். அது என் கடையிலிருந்து போன சரக்கு. அதனால்தான் ஹோன் அடித்தேன்.

கெலிஓயாக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நான் சொல்லியும், நீ மணப்பெண் ஸுமையாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்த நாட்களில், அவள் உன் உம்மாவுக்குப் போன் எடுத்துச் சிரித்துக்கொண்டு சொன்னாளாம்: "மறதி மாப்பிள்ளைக்குச் சாவியக் கழுத்துல கட்டிவிடலாம் மாமி. கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஏலாத மாப்பிள்ளைய வெச்சி என்ன செய்ற?" இத்தனை வருஷம் வியாபாரம் செய்து நான் பார்க்கத் தெரியாத தரத்தை அந்தப் பிள்ளை பார்த்துவிட்டாள். யாருக்காக நீ அளவைக் கூட்டப் பார்க்கிறாய்? அவளுக்காக இல்லை. அவள் கேட்கவில்லை. மிச்சம் நிற்கிறவன் நான் ஒருவன்தான்.

ஆகவே கடையைப் பற்றிச் சில சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த விஷயம். தராசுக்குப் பின்னால் உனக்குக் கதிரை போடாதே. அங்கே வேறு ஆளை இருத்து, அல்லது கணக்குப் படித்த ஸுமையா இருக்கட்டும். நீ வெளியே போ. கம்பளைப் பக்கம் தோட்டக்காரர்களைத் தேடிப் போ, அவர்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடி, மரத்தைப் பார், பேசு. உன் மனசு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், தோட்டக்காரனின் பேச்சும் அப்படித்தான் தாவும், நன்றாக ஒத்துப்போகும். ஒன்றை மறந்தால் மறந்துவிட்டேன் என்று உடனே சொல். சமாளிக்காதே, சமாளிக்கும்போதுதான் ஆட்கள் கள்ளன் என்று நினைப்பார்கள். உன் வேலையை யாராவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், நானே புகழ்ந்தாலும், அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று உன்னையே கேட்டுப்பார். கையை நிறுத்த நினைத்தால் நிற்கிறதா என்று பார். நிற்காவிட்டால் எனக்கு முன் டொக்டருக்குச் சொல்.

கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வருகிறேன்.

இன்று காலை கடையைத் திறந்ததும் கொழும்பு முதலாளிக்குப் போன் எடுத்தேன். அது கைத்திறமை இல்லை, மருந்து பொருந்தாமல் வந்த நோய், அதை நான் தரமென்று உங்களுக்கு விற்றேன், இனி அந்தச் சரக்கு இல்லை, என் மகன் பழையபடி ஆகவும் வேண்டாம் என்றேன். அதற்கு அவர், "சாதாரணச் சரக்கே அனுப்புங்க நானா. புள்ளைக்கு என்ட ஸலாம்" என்றார். இந்த நாலு வசனத்தைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் எடுத்திருக்கிறது.

பிறகு உள்ளே போய், நீ கடைசியாகப் பொறுக்கி வைத்த கராம்பை எடுத்தேன். டொக்டரிடம் போன நாளிலிருந்து அது படிக்கட்டுக்குக் கீழே மூடி வைத்தபடி இருந்தது. விற்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. அதைத் தரையில் கொட்டினேன். பக்கத்தில் புதிதாக வந்த சரக்கையும் கொட்டினேன், தலையும் காம்புமாக, தோட்டத்திலிருந்து வந்தபடி. இரண்டையும் கையாலேயே அளைந்து கலந்தேன். நல்ல சரக்கில் மட்டமானதைக் கலக்கிறவனை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கலந்துகொண்டிருக்கும்போதே என் விரல் தன்பாட்டில் தலையில்லாத ஒன்றை எடுத்து ஓரத்தில் வைத்தது. இன்னொன்றை எடுத்தது. போதும் என்று நினைத்தேன், கை நின்றுவிட்டது. இவ்வளவு சின்ன விஷயம். அன்று இது முடியாமல்தான் நீ மேசையில் அழுதிருக்கிறாய். ஓரத்தில் வைத்ததையும் எடுத்துக் குவியலுக்குள் போட்டு, மூட்டை கட்டித் தைத்துவிட்டேன். உன் கடைக்கு முதல் சரக்கு அதுதான். சாதாரண விலைக்கு விற்கிற சரக்கு. தையலைப் பிரிக்காதே, அளந்து கொடு, அவ்வளவுதான்.

நிக்காஹுக்கு முன்னால் இன்னொரு முறை டொக்டரைச் செனல் பண்ணியிருக்கிறேன். அளவு கூட்ட வேண்டுமா, மருந்தை மாற்ற வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா என்பதை நீ அவரிடமே கேள். அவர் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். வாப்பாவுக்காக என்ற சொல் மட்டும் அந்த அறைக்குள் வரக்கூடாது. அது வராமல் இருக்க நான் உள்ளே வரமாட்டேன். நீ பேசி முடிக்கும்வரை வெளியே கதிரையில் இருப்பேன், காலை ஆட்டிக்கொண்டு.

உன் வாப்பா